கிரெட்டாவா, செல்டாசா?



சென்ற திங்கள் இப்பகுதியில் நகைக் கடனைப் பற்றி எழுதினோம். இத்திங்கள் மோட்டார் வண்டியைப் பற்றி எழுத நேர்ந்தது. விஜயபுரத்தில் குடியிருக்கும் நம் சங்க அன்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு விலைப்பட்டியல்களுடன் நம் இல்லத்திற்கு வந்தார். ஒன்று ஹூண்டாய் கிரெட்டா. மற்றொன்று கியா செல்டாஸ்.

"பத்து நாளாக இதே பேச்சுத்தான் வீட்டில். மகன் ஒன்றைச் சொல்கிறான், மகள் மற்றொன்றைச் சொல்கிறாள். நீங்கள் ரெயில்வேயில் கணக்கெழுதுகிறவர். எது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், சார்" என்றார்.

நாம் எழுதுவது சரக்குக் கணக்கு; மோட்டார் நிபுணர் அல்லோம். ஆயினும், ஒரு குடும்பம் தன் ஆயுளில் வீட்டிற்கு அடுத்தபடியாகச் செய்யும் பெருஞ்செலவு இது. நம்மவர் பலர் இப்போது இதே வாயிலில் நிற்கின்றனர். ஆகவே அவரோடு உட்கார்ந்து பார்த்ததையும், பின்னர் திருப்பதிக்குச் சென்று இரு ஷோரூம்களிலும் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கை. அன்பரின் மகனுக்குக் கிரெட்டாவின்மேல் பற்று. "அது நம் திருப்பெரும்புதூரில் செய்த வண்டி, தமிழ்நாட்டு வண்டி" என்பது அவன் வாதம். மகளுக்குச் செல்டாஸ்மேல் பற்று. "நாம் உப்பைத் தின்பது ஆந்திரத்தில், பெனுகொண்டாவில் செய்ததைத்தான் வாங்க வேண்டும்" என்பது அவள் வாதம். இருவர் கூறியதும் உண்மையே. ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் வண்டி செய்து வருகிறது. கியா நிறுவனம் 2017இல் ஆந்திர அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அன்றைய அனந்தபூர் மாவட்டத்துப் பெனுகொண்டாவை அடுத்துத் தொழிற்சாலை அமைத்தது. 2019 ஆகஸ்டில் அங்கிருந்து வெளிவந்த முதல் வண்டியே செல்டாஸ். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் விஜயபுரமும் ஆந்திரத்தில் நின்றன. அந்த எல்லைக்கோட்டின் ஓரத்தில் வாழும் நம் வீடுகளில், கார் வாங்குவதிலும் எல்லைத் தகராறு எழுவது இயல்புதானே!

ஆனால் பிள்ளைகள் இருவரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கொரிய நாட்டில் 1997இல் கியா நிறுவனம் நொடித்தது. மறு ஆண்டே ஹூண்டாய் அதனைத் தன் வசமாக்கிக்கொண்டது. ஆகவே இவ்விரு வண்டிகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். எஞ்சின்களைப் பாருங்கள். இரண்டிலும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன். இரண்டிலும் டர்போ பெட்ரோல் எஞ்சின், 160 குதிரைத்திறன். இரண்டிலும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின், 116 குதிரைத்திறன். 2020இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கிரெட்டாவும் முதல் செல்டாசும் ஒரே 'பிளாட்பாரத்தில்' எழுந்தவை. நம் துறையார் மயங்க வேண்டா. மோட்டார்க்காரர் பிளாட்பாரம் என்பது வண்டியின் அடித்தளத்தை. எஞ்சினை வைத்து இவற்றுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவோர், ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் எவர் குலம் உயர்ந்தது என்று வழக்காடுவோரை ஒப்பர்.

அப்படியாயின் வேறுபாடே இல்லையா? உண்டு. கிரெட்டாவின் இப்போதைய உருவம் 2024 ஜனவரியில் வந்தது. நீளம் 4,330 மில்லிமீட்டர், அகலம் 1,790, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,610. 2023இல் வந்த செல்டாசுக்கும் இதே அச்சிடைத் தூரந்தான். அகலம் 10 மில்லிமீட்டர் கூடுதல், அதாவது அரை விரற்கடை. ஆனால் 2025 டிசம்பரில் காட்டப்பட்டு, 2026 ஜனவரியில் விலை அறிவிக்கப்பட்ட புதிய செல்டாஸ் வளர்ந்துவிட்டது. அதன் நீளம் 4,460, அகலம் 1,830, அச்சிடைத் தூரம் 2,690. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து நெடுந்தூரம் செல்லும் குடும்பத்திற்கு இது கவனிக்கத்தக்க வேறுபாடு. மறுபுறம், குறுகிய தெருவில் வண்டியை நிறுத்துவோருக்கு அதே வளர்ச்சி தொல்லையாகவும் முடியும். வீட்டு வாசலை அளந்து பார்க்காமல் முன்பணம் கட்டலாகாது.

கிரெட்டாவின் பக்கமும் ஒன்று உண்டு. ஹூண்டாய் நம் நாட்டிற்கு முன்னே வந்தது. ஆகவே அதன் சர்வீஸ் நிலையங்கள் கூடுதல். சிற்றூர் மெக்கானிக்குகளுக்கும் அவ்வண்டி பழக்கமானது. வாங்குமுன், நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்தும், ஆண்டுதோறும் செல்லும் சொந்த ஊரிலிருந்தும், அருகிலுள்ள சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிப் பாருங்கள். நம்மைப்போல் இரண்டு ஊர்க்காரர்களுக்கு இக்கேள்வி இரு மடங்கு முக்கியம்.

நிற்க. எந்த வண்டி என்னும் கேள்வி இவ்வளவில் முடிந்தது. ஆனால் அன்பரின் பட்டியலை மேலும் நோக்கியபோது, உண்மையான கேள்வி அதுவன்று என்பது புலப்பட்டது. இரு வண்டிகளிலும் கீழ்ப்படி ஏறத்தாழ 11 லட்சத்தில் தொடங்குகிறது. மேற்படி 20 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இஃது எக்ஸ்-ஷோரூம் விலை. வண்டிக்கு வண்டி வேறுபாடு சில ஆயிரங்கள். படிக்குப் படி வேறுபாடு லட்சங்கள். பிள்ளைகள் சில ஆயிரத்திற்காகச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, தந்தையோ ஓசையின்றிப் படியேறிக்கொண்டிருந்தார். முதலில் 13 லட்சம் என்று எண்ணியவர், "இன்னும் ஒன்று கொடுத்தால் பெரிய திரை, இன்னும் ஒன்றரை கொடுத்தால் சன்ரூஃப்" என்று ஏறி ஏறி, வரியும் காப்பீடும் உட்பட 21 லட்சத்தில் வந்து நின்றார். கையிருப்போ 5 லட்சம்.

மேற்படிகளில் கிடைப்பவை யாவை? வானத்தைக் காட்டும் கூரை, காற்றோட்டமுள்ள இருக்கை, பெரிய திரைகள், உயர்ந்த பாட்டுப் பெட்டி. 'அடாஸ்' என்னும் ஓட்டுநர் உதவி ஏற்பாடும் மேற்படியிலேயே வருகிறது. முன்னே செல்லும் வண்டியை மோதும் நிலை வந்தால் தானே பிரேக் பிடிக்க முயலும். கோட்டைவிட்டு விலகினால் எச்சரிக்கும். கோடு தெளிவாகப் போடப்பட்ட நெடுஞ்சாலையில் பயனுள்ளதே. ஆனால் நெல் காயும் சாலையிலும் மாடு குறுக்கிடும் சாலையிலும் ஓட்டுபவரின் கண்ணுக்கு அது மாற்றாகாது.

கீழ்ப்படியிலேயே கிடைப்பவை யாவை? ஆறு ஏர்பேக்குகள், நான்கு சக்கரத்திற்கும் டிஸ்க் பிரேக், வழுக்கலில் வண்டியை நிலைப்படுத்தும் ஏற்பாடு, எல்லா இருக்கைகளுக்கும் மூன்று முனை வார் ஆகியவை. உயிர் காக்கும் அடிப்படைப் பொருள்கள் இரு வண்டிகளிலும் முதற்படியிலேயே உள்ளன. அதற்குமேல் கட்டும் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்கும் காதுக்கும் முதுகிற்கும் சேர்வது. அது பாவமன்று, ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பது தெரிந்து கட்ட வேண்டும்.

நட்சத்திரங்களைப் பற்றியும் கேட்டார். வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்காப் 2020இல் செல்டாசையும் 2022இல் கிரெட்டாவையும் மோதிப் பார்த்து, பெரியவர் பாதுகாப்பிற்கு இரண்டிற்கும் மும்மூன்று நட்சத்திரமே தந்தது. ஆனால் அவை இரண்டே ஏர்பேக் கொண்ட அக்கால உருவங்கள். பழைய மதிப்பெண்ணைக் காட்டிப் புதிய வண்டியைப் பழிப்பதும் தவறு. வேறோர் உருவத்தின் மதிப்பெண்ணைக் காட்டிப் புகழ்வதும் தவறு. 2023 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்காப் சோதனை நடைபெறுகிறது. "நான் வாங்கும் இதே உருவத்திற்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டு, விடையைத் தாளில் காட்டச் சொல்லுங்கள். செகண்ட்ஹாண்ட் வண்டி வாங்குவோர் இதனை இன்னும் கூர்ந்து கேட்க வேண்டும்.

அடுத்து எரிபொருள். "டீசல்தானே சிக்கனம்?" என்றார் அன்பர். கிரெட்டாவின் சோதனைக்கூட அளவு, கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர், டீசலுக்கு 21.8. சாலையில் இரண்டுமே குறையும். ஒப்பிடுவதற்காக இதனையே கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் ஏறத்தாழ 57 லிட்டர், டீசல் 46 லிட்டர். பெட்ரோல் 110 ரூபாய், டீசல் 97 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் மிச்சம் ஏறத்தாழ 1,800 ரூபாய். ஒரே படியில் டீசல் வண்டியின் விலையோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கூடுதல். அதனை மீட்க 80 மாதத்திற்குமேல் ஆகும். மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டிற்கு இது 13 ஆண்டுக்கும் மேற்பட்ட கணக்கு. அன்றியும் இக்காலத்து டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடிய ஓட்டம் வேண்டும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அஃது அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவோர் டீசலை நாடலாம். மற்றோருக்குப் பெட்ரோலே போதும்.

அடுத்து கடன். இங்கேதான் அன்பரின் முகம் மாறியது. அவர் மனத்தில் இருந்த 21 லட்சத்து வண்டிக்கு, கையிருப்புப் போக 16 லட்சம் கடன் வேண்டும். 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 25,740 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் 5,60,000 ரூபாய்க்குமேல். கீழ்ப்படி வண்டி எல்லாம் உட்பட 13 லட்சம் ஆகிறது. 8 லட்சம் கடனை அதே வட்டியில் 5 ஆண்டில் அடைத்தால் மாதம் 16,600 ரூபாய். மொத்த வட்டி 1,96,000 ரூபாய். வட்டியில் மட்டும் வேறுபாடு மூன்றரை லட்சத்திற்கு மேல்! ஷோரூமில் எவரும் இதனைச் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது, "மாதம் எவ்வளவு கட்ட முடியும், சார்?" என்பதே. அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டால், ஆண்டுகளை நீட்டி எந்த வண்டியையும் நம் கைக்குள் அடக்கிக் காட்டிவிடுவார்கள். நாம் திருப்பிக் கேட்க வேண்டியது, "முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்பது.

அன்பரின் மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். "அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்தை எதிலிருந்து கட்டுவீர்கள்?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதிவு பற்றியும் ஒரு சொல். இது பெயர்ந்து வாழும் நமக்கே உரிய தொல்லை. ஆந்திரத்தில் ஆயுள் வரி கட்டிப் பதிந்த வண்டியோடு தமிழ்நாட்டிற்கு நிரந்தரமாகத் திரும்பினால், மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்திற்குள் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று பெற்று, அங்கே வரி கட்டி, இங்கே கட்டியதில் எஞ்சியதைத் திரும்பக் கோரி அலைய வேண்டும். இதற்கு மாற்றாக 2021இல் நடுவணரசு 'பி.எச்.' என்னும் பாரதத் தொடர்ப் பதிவை ஏற்படுத்தியது. நடுவண், மாநில அரசு ஊழியரும், பொதுத்துறை ஊழியரும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியரும் இதனைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டா. மாற்றல் வரக்கூடிய நம் ரெயில்வே, வங்கி அன்பர்கள் இதனை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். 

இனி ஷோரூமிற்கு வருவோம். அடுத்த வாரம் அன்பரின் குடும்பத்தோடு நாமும் திருப்பதிக்குச் சென்றோம். அவருடைய தாயாரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தோம். "அம்மா எதற்கு? முழங்கால் வலி, அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் அன்பர். வண்டியின் பின்னிருக்கையில் கும்பகோணம் வரை உட்கார்ந்து வரப்போகிறவர் அந்த அம்மாள்தான். திரையைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகள் அல்லர் என்றோம்.

விற்பனையாளர் கூரையைத் திறந்து மூடிக் காட்டினார். பாட்டுப் போட்டுக் காட்டினார். அம்மையார் இவற்றைப் பாராமல், கதவின் மேலுள்ள பிடியைப் பற்றி மெல்ல ஏறி, பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்தார். இருபுறமும் பேரப்பிள்ளைகள் அமர்ந்தனர்.

"நடுவிலே ஏன் பாட்டி, ஓரமாக உட்காருங்களேன்" என்றோம்.

"பிள்ளைகளுக்கு ஜன்னல் வேணும் தம்பி. எப்பவும் எனக்கு நடுவிலேதான் இடம். ஆமாம், நடுவிலே உட்கார்றவளுக்கும் வார் உண்டா?" என்று கேட்டார்.

விற்பனையாளர் சற்றுத் தேடி வாரை எடுத்து மாட்டினார். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை வார். "இத்தனை நாள் வாடகைக் காரில் போனபோது எனக்கு யாரும் இதை மாட்டினதில்லையே" என்றார் அம்மையார். எவரும் பேசவில்லை.

டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். அவர் அமர்ந்திருந்தது பின்னிருக்கையில், வார் அணிந்திருக்கவில்லை. விலையுயர்ந்த வண்டியும் அவ்விடத்தில் காக்க இயலவில்லை. பின்னிருக்கையிலும் வார் அணிய வேண்டும் என்பது சட்டம். அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். நம் வீடுகளில் முன்னே இருப்பவர் போலீசுக்கு அஞ்சி மாட்டிக்கொள்கிறார். பின்னே பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் மாட்டாமலே வருகின்றனர். ஏர்பேக் ஆறு இருந்தாலும், வார் அணியாதவரை அது முழுதாகக் காப்பதில்லை. சன்ரூஃபில் தலையை நீட்டி நிற்கும் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

முடிவு என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்பீர்கள். அம்மையார் இரு வண்டிகளிலும் ஏறி இறங்கினார். புதிய செல்டாசில், "இதிலே தோள் இடிக்கலே" என்றார். அவ்வளவே. அன்பர் அதிலேயே கீழ்ப்படி ஒன்றை, கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டியாக, ஐந்தாண்டுக் கடனில் எடுத்துக்கொண்டார். மகனுக்குச் சிறிது வருத்தம். நால்வர் மட்டுமே உள்ள வீடாயிருந்து, சொந்த ஊரில் ஹூண்டாய் சர்வீஸ் மட்டுமே அருகில் இருந்திருந்தால், நாமே கிரெட்டாவைச் சொல்லியிருப்போம். இரண்டும் நல்ல வண்டிகளே. சகோதரர் இருவரில் எவர் வந்தாலும் வீடு நடக்கும். வீட்டை வருத்துவது நாம் ஏறும் படியும், நீட்டும் கடனுமே.

ஆகவே அன்பர்களே, இவ்விரு வண்டிகளோ வேறு இரண்டோ, ஒப்பிடப் புகுமுன் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னிருக்கையில் அமரப்போகிறவர் யார்? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? கடன் முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்? இரண்டு ஊரிலும் சர்வீஸ் எவ்வளவு தூரத்தில்? இந்நான்கிற்கும் விடை எழுதிய பிறகு நிறத்தைப் பற்றிப் பிள்ளைகள் சண்டையிடட்டும். அச்சண்டையில் எவருக்கும் நட்டமில்லை.

புதிய வண்டி முதன்முதலில் சென்ற இடம் திருத்தணி மலை. மறுநாள் அன்பர் தொலைபேசியில் பேசினார். "கிளம்பு முன்னே அம்மா வார் மாட்டிக்கொண்டு, 'எல்லாரும் மாட்டியாச்சா?' என்று கேட்கிறாள், சார். மாட்டாவிட்டால் வண்டியை எடுக்க விடமாட்டேன் என்கிறாள்" என்றார். அவ்வீட்டில் இனி நாம் ஆலோசனை கூற வேண்டியதில்லை.